வானத்துல இருந்து குதிக்கிறவங்களுக்குப் புள்ளகுட்டி மேல பாசம் இல்லையாம்!

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒரு சின்ன கலவரம். ஆரம்பிச்சு வெச்சது நான்தான். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், கோவிச்சுக்காதீங்க மக்களே.

மத்தியானம் சோறு உண்டுட்டு எல்லாரும் ஆசாரத்துல உக்காந்திருந்தோம். பெரியம்மாவும் மாமாவும் விஜயமங்கலம் பக்கத்துல இருந்து வந்திருந்தாங்க. நான் சும்மா இருக்காம போன்ல ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். புனேவைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2018-ல தாய்லாந்து பட்டாயாவுல குதிச்ச வீடியோ. மராட்டிக்காரங்க கட்டுற ஒன்பது கஜப் புடவையோட, 13,000 அடி உயரத்துல இருந்து!

பெரியம்மா வாயைப் பிளந்துட்டுப் பாத்தாங்க. அப்பறம் கேட்டாங்க.

"ஏங்கண்ணு, இந்தம்மிணிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆயிருச்சுங்க பெரியம்மா. ரெட்டைப் பசங்க இருக்காங்க."

"அடக் கடவுளே! பெத்த புள்ளைகளை நெனச்சுப் பாத்தாளா? மனசு கல்லா இருக்கும்."

மாமா சேர்ந்துக்கிட்டாரு. "காசு எச்சா இருந்தா இப்படித்தானுங்க. கொழுப்பு."

நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். "எனக்கும் ஒரு தடவை குதிக்கணும்னு ஆசைங்க. பயிற்சியாளரோட சேர்த்துக் கட்டிக் குதிக்கிற டேண்டம் குதிப்பு இருக்குது"ன்னு சொல்லித் தொலைச்சேன். அவ்வளவுதான். அம்மாவுக்குக் கண்ணுல தண்ணி. அப்பா பேச்சே இல்லாம எந்திரிச்சுப் போயிட்டாரு. "பொட்டப்புள்ள கால் கை ஒடிஞ்சா எவன் கட்டுவான்?"னு மாமா. ஒரு மணி நேரம் பஞ்சாயத்து.

நாலு மணிக்கு மாமாவும் பெரியம்மாவும் கிளம்பினாங்க. எக்ஸெல் வண்டி. பெரியம்மா ஒரு பக்கமா உக்காந்து, மடியில பலகார டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு, முந்தானை காத்துல பறக்க. ரெண்டு பேர் தலையிலயும் ஒண்ணும் இல்லை. போற வழி பைபாஸ். சேலத்துல இருந்து கொச்சிக்குப் போற அதே என்.எச். 544. லாரியும் பஸ்ஸும் காரும் எப்படிப் பறக்கும்னு பெருந்துறைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

யார் கண்ணுலயும் தண்ணி வரல. "பாத்துப் போங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அப்பத்தான் எனக்குக் கோவம் வந்துச்சு.

நம்ம வீடுகள்ல சொல்றாங்களே, "உன் மேல இருக்கற பாசத்துல பயப்படறோம்"னு. அது முழுப் பொய். நாம ஆபத்தைப் பாத்துப் பயப்படறதே இல்லை. பழக்கமில்லாததைப் பாத்துத்தான் பயப்படறோம். பழகின ஆபத்து எவ்வளவு பெருசா இருந்தாலும் சாமி மேல பாரத்தைப் போட்டுட்டுப் பலகார டப்பாவோட ஏறி உக்காந்துக்குவோம்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே 2022-ஆம் வருஷத்துக்குக் கணக்குக் கொடுத்திருக்கு. அந்த ஒரு வருஷத்துல இந்திய ரோடுகள்ல செத்தவங்க 1,68,491 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 17,884 பேர். ஹெல்மெட் போடாம செத்தவங்க 50,029 பேர். இதுல 14,337 பேர் வண்டி ஓட்டினவங்களே இல்லை, பின்னால உக்காந்து போனவங்க. நாள் கணக்குக்கு வகுத்துப் பாத்தா தினமும் 39 பேர். எங்க பெரியம்மா மாதிரி 39 பேர்.

இப்ப வானத்துக்குப் போவோம். அமெரிக்காவுல இருக்கற பாராசூட் சங்கம் வருஷா வருஷம் கணக்கு வெளியிடுது. 2023-ல அங்க சுமார் 36.5 லட்சம் தடவை குதிச்சிருக்காங்க. செத்தவங்க 10 பேர்.

ரெண்டையும் அப்படியே பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். வண்டி ஓட்டறவங்க கோடிக்கணக்குல இருக்காங்க, குதிக்கிறவங்க கைப்பிடி அளவு. அதோட அது அமெரிக்கக் கணக்கு, நம்ம நாட்டுக் கணக்கு இல்லை. அதனால "வண்டியை விட பாராசூட் பாதுகாப்பு"ன்னு நான் வாதாடல. நான் சொல்ல வர்றது வேற. அந்த 10 சாவுல ஒவ்வொண்ணையும் எடுத்து, என்ன உயரத்துல என்ன தப்பு நடந்துச்சு, எங்க கவனம் தவறுச்சுன்னு எழுதி அவங்க சங்கத்துப் பத்திரிகையில போடறாங்க. குதிக்கிறவங்க உக்காந்து படிக்கிறாங்க. 1970-கள்ல அங்க வருஷத்துக்குச் சராசரியா 42 பேருக்கு மேல செத்துட்டு இருந்தாங்க. அது இன்னிக்குப் பத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குதுன்னா அதிர்ஷ்டத்துல வரல. ஒவ்வொரு சாவுல இருந்தும் பாடம் படிச்சு வந்தது.

நம்ம பக்கம்? "விதி முடிஞ்சுது"ன்னு ஒத்தை வார்த்தை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சா கணக்கும் முடிஞ்சுது.

சரி, இந்தக் குதிக்கிற குடும்பங்கள்ல அப்படி என்னதான் நடக்குது? நானும் முதல்ல சினிமாவுல வர்ற மாதிரி, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டு "யாஹூ"ன்னு கத்திட்டுக் குதிக்கிற கூட்டம்னுதான் நினைச்சேன். படிக்கப் படிக்கத் தெரிஞ்சுது, அவங்களோட நேரம் பாதிக்கு மேல போறது சரிபார்க்கறதுலதான்.

முதுகுல மாட்டற பைக்குள்ள பாராசூட் ஒண்ணு இல்லை, ரெண்டு. முதல் பாராசூட் மக்கர் பண்ணினா அதைக் கழட்டி விட்டுட்டு ரெண்டாவதைத் திறக்கணும். முதல் பாராசூட்டை நீங்களே மடிச்சுக்கலாம். ரெண்டாவதை அதுக்குன்னு பரீட்சை எழுதி உரிமம் வாங்கினவங்க மட்டும்தான் மடிக்கணும். அமெரிக்காவுல அதை உபயோகிச்சாலும் உபயோகிக்காட்டியும் 180 நாளைக்கு ஒருக்கா பிரிச்சுப் பாத்துத் திரும்ப மடிக்கணும்னு சட்டமே இருக்கு. அதுபோக ஒரு சின்ன கருவி இருக்கும். ஜெர்மனியில 1991-ல வந்த சைப்ரஸ்தான் இதுல பிரபலம். குதிச்ச ஆள் மயக்கம் போட்டுட்டாலும், தரைக்குப் பக்கத்துல வந்தும் வேகம் குறையலைன்னா அதுவே கட்டு நூலை வெட்டி ரெண்டாவது பாராசூட்டைத் திறந்து விடும். கையில உயரம் காட்டற மீட்டர். தலையில ஹெல்மெட்.

புதுசா பழகறவங்களுக்குத் தரையில காத்து மணிக்கு சுமார் 22 கிலோமீட்டரைத் தாண்டினா அன்னிக்குக் குதிப்பு கிடையாது. காசு கட்டியிருந்தாலும் சரி, லீவு போட்டு வந்திருந்தாலும் சரி. பேசாம வீட்டுக்குப் போகணும். நம்மாளா இருந்தா "அட ஒண்ணும் ஆகாதுங்க"ன்னு ஏறியிருப்போம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு இருக்கு. பாராசூட் பையை மூடி வெச்சிருக்கற ஊசி முதுகுப் பக்கம் இருக்கு. அதை மாட்டினவங்க பாக்க முடியாது. அதனால விமானத்துல இருந்து குதிக்கறதுக்கு முன்னால ஒருத்தர் முதுகை இன்னொருத்தர் பாக்கணும். புருசன் முதுகைப் பொண்டாட்டி பாப்பா, மகள் முதுகை அப்பன் பாப்பான், சிநேகிதன் முதுகை சிநேகிதன் பாப்பான். ஆயிரம் தடவை குதிச்சவங்களும் திரும்பி நின்னு முதுகைக் காட்டணும். "என்னை நம்ப மாட்டியா?"ன்னு ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

இதுக்குப் பேர் மனசு கல்லா? நம்ம வீடுகள்ல எத்தனை பேர் இப்படி ஒருத்தரை ஒருத்தர் நின்னு பாக்கறோம்? பாசம்னா அழுகறது மட்டும்தானா?

நம்ம நாட்டுலயே ராச்சல் தாமஸ்னு ஒருத்தங்க இருக்காங்க. ரெண்டு பிள்ளைகளோட அம்மா. 2002-ல வட துருவத்துல 7,000 அடியில இருந்து குதிச்சாங்க. 2005-ல பத்மஸ்ரீ. ஷீத்தல் மகாஜன் 2004-ல வட துருவத்துல குதிச்சாங்க. கல்யாணமே 2008-ல வெப்பக்காத்து பலூன்ல பறந்துட்டு! 2011-ல அவங்களுக்கும் பத்மஸ்ரீ. புடவை கட்டிக் குதிச்ச அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்க. புடவைக்கு மேல பாராசூட், ஹெல்மெட், கண்ணாடி, ஷூ எல்லாம் இருக்கும். 13,000 அடியில புடவை கட்டினவங்க தலையில ஹெல்மெட் இருக்கு. மூணு அடி உயரத்துல எக்ஸெல்ல போற எங்க பெரியம்மா தலையில இல்லை. இதுல யாருங்க பொறுப்பில்லாதவங்க?

இப்ப எதிர்வாதங்களுக்கு வர்றேன். மாமா விடுவாரா :)

"சேலத்துல என்னாச்சு, மறந்துட்டயா அம்மிணி?"ன்னு கேட்டாரு. மறக்கல. 2014 ஜனவரி கடைசியில, சேலம் காமலாபுரம் விமான நிலையத்துல ஒரு முகாம் நடந்துச்சு. அப்ப அங்க பயணிகள் விமானம் எதுவும் வர்றதில்லை. பெங்களூருல இருந்து வந்த ஒரு இளம்பெண் குதிச்சாங்க. பாராசூட் விரியல. இறந்துட்டாங்க. நம்ம ஊருல இருந்து ரெண்டு மணி நேரத் தூரத்துல நடந்தது. மனசு கேக்கல, நிஜமாவே.

ஆனா அதுல இருந்து மாமா எடுத்துக்கிட்ட பாடம் "குதிக்கவே கூடாது". நான் கேக்கறது, அன்னிக்கு யார் எதைச் சரிபார்த்தாங்க? யார் சரிபார்க்கணும்னு எழுதின விதி எங்க இருந்துச்சு? தேசிய வான் விளையாட்டுக் கொள்கைன்னு ஒண்ணை மத்திய அரசு வெளியிட்டதே 2022 ஜூன்லதான். அந்தச் சாவுக்கு எட்டு வருஷம் கழிச்சு. மாமா, அந்த விபத்து என் கட்சிக்குத்தான் சாட்சி. சரிபார்க்கற பழக்கத்தைக் கொண்டு வராம விளையாட்டை மட்டும் இறக்குமதி பண்ணினா அப்படித்தான் முடியும். பைக்கை இறக்குமதி பண்ணி ஹெல்மெட்டை விட்டுட்ட கதைதான் அதுவும்.

"எல்லாத்தையும் சரிபார்க்கறவங்களும் சாவறாங்களே?" இதுவும் நியாயமான கேள்வி. கார்ல் போனிஷ்னு ஒரு அமெரிக்கர். மலை உச்சி, கோபுரம் இதுல இருந்தெல்லாம் பாராசூட்டோட குதிக்கற விளையாட்டை வளர்த்தவரு. மனைவி ஜீனும் கூடவே குதிக்கறவங்க. 1984-ல நார்வேயில ஒரு மலையில இருந்து குதிச்சு கார்ல் செத்துட்டாரு. சில நாள்லயே அதே மலையில இருந்து ஜீன் குதிச்சாங்க. இதைப் படிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. என்னால அதை வீரம்னு கைதட்ட முடியல. தப்புன்னு சொல்லவும் எனக்குத் தகுதி இல்லை.

இன்னொண்ணு. பாராசூட் சாதனங்கள் செய்யறதுல பெரிய ஆளான பில் பூத் ஒரு விஷயம் சொல்லியிருக்காரு. சாதனம் எவ்வளவு பத்திரமா ஆகுதோ, மனுசங்க அந்த அளவுக்கு எச்சா துணிஞ்சு, சாவுக் கணக்கைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்துருவாங்கன்னு. உண்மையிலயே இப்ப நடக்கற சாவுல நிறைய, பாராசூட் நல்லா விரிஞ்ச பிறகு, தரைக்குப் பக்கத்துல வேகமா திருப்பி வித்தை காட்டும்போது நடக்குது. ஆக அவங்களும் புனிதர்கள் இல்லை. ஆனா ஒரு வித்தியாசம் பாருங்க, இந்தக் குறையை வெளியில இருந்து யாரும் கண்டுபிடிச்சுச் சொல்லல. அவங்களே எழுதி வெச்சிருக்காங்க.

கடைசி வாதம்தான் கனமானது. "அவங்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு வண்டி பொழப்பு. எக்ஸெல் இல்லைன்னா பால் சொசைட்டிக்கு எப்படிப் போறது, சிப்காட் ஷிப்டுக்கு எப்படிப் போறது?" சரிதானுங்க. குதிக்கறதுக்கு ஆயிரக்கணக்குல காசு வேணும். அது இல்லாதவங்க நாம. ஆனா பொழப்புக்காக தினமும் ரெண்டு தடவை உயிரைப் பணயம் வெக்கறவங்கதானே இன்னும் எச்சா சரிபார்க்கணும்? வருஷத்துக்கு ஒருக்கா குதிக்கறவங்க மூணு தடவை பாக்கறாங்க. தினமும் பைபாஸ்ல போற நாம ஒருக்கா பாத்தா என்ன?

சரிபார்க்கறது ஏதோ வெள்ளைக்காரன் பழக்கம்னும் சொல்லாதீங்க. எங்க அப்புச்சி கெணறு வெட்டற காலத்துக் கதை சொல்லுவாரு. பழைய கெணத்துக்குள்ள இறங்கறதுக்கு முன்னால கயித்துல ஒரு விளக்கைக் கட்டி இறக்குவாங்களாம். விளக்கு அணைஞ்சா காத்து சரியில்லைன்னு அர்த்தம். அன்னிக்கு யாரும் இறங்க மாட்டாங்க. புள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும்போது முதுகுல சுரைப்புருடை கட்டி, இடுப்புல கயிறு போட்டு, முடிச்சைப் பெரியவங்க இழுத்துப் பாத்துட்டுத்தான் கெணத்துல தள்ளி விடுவாங்க. அம்பது அடிக் கெணறு! அதுவும் ஒரு குதிப்புத்தானே? அப்புச்சி பயந்தாரு. ஆனா பயந்துட்டு அழுதுட்டு உக்காரல, முடிச்சை இழுத்துப் பாத்தாரு. அந்த முடிச்சும் பாராசூட் ஊசியும் ஒண்ணுதான். அந்தப் பழக்கம் நம்மகிட்ட இருந்துச்சு. எக்ஸெல் வாங்கின நாள்ல அதைக் கெணத்தோட விட்டுட்டோம்.

இதுவரைக்கும் எழுதிட்டு, அடுத்த பத்தியை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதறேன்.

பெரியம்மாவுக்கு ஒரு பையன். எனக்கு அண்ணன். பன்னெண்டாவதுல நல்ல மார்க் வாங்கினதுக்குப் புது பைக் பரிசு. வீடே சந்தோஷமா வாங்கிக் கொடுத்துச்சு. நானும்தான் முதல் ரவுண்டு போனேன். மூணு வருஷத்துக்கு முன்னால மாரியம்மன் நோம்பி அன்னிக்கு, பரோட்டா வாங்கிட்டு வர்றேன்னு போனான். அதே பைபாஸ். தலையிலதான் அடி. வேற எங்கயும் பெருசா காயமே இல்லை.

வண்டி வாங்கும்போது கூடவே கொடுத்த ஹெல்மெட், பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்காம இன்னும் பெரியம்மா வீட்டுப் பரண்ல இருக்கு. அன்னிக்கு அவன் கிளம்பும்போது வாசல்ல நாங்க ஏழெட்டுப் பேர் நின்னுட்டு இருந்தோம். "பாத்துப் போ"ன்னு எல்லாரும் சொன்னோம். நானும் சொன்னேன். ஒருத்தர்கூட அவனைப் பாக்கல.

அந்தப் பெரியம்மாதான் போன ஞாயித்துக்கிழமை ஷீத்தல் மகாஜனைப் பாத்து "மனசு கல்லா இருக்கும்"னு சொன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்லை. அவங்களை என்ன சொல்ல முடியும்? அவங்களுக்கு அந்த ஹெல்மெட்டைத் தொடவே முடியல. என் கோவமெல்லாம் மத்தவங்க மேல. என் மேலயும். அழுகறதுக்கு வர்ற கூட்டம் வாசல்ல நிறுத்திச் சரிபார்க்க வரலையே, அது மேல.

பின்னால உக்காந்து போறவங்களும் ஹெல்மெட் போடணும்னு தமிழ்நாட்டுல 2015 ஜூலை 1-ல இருந்து கட்டாயம். ஹைகோர்ட் உத்தரவு. பத்து வருஷம் தாண்டிருச்சு. போலீஸ் நிக்கற இடத்துக்கு முன்னால மாட்டி, தாண்டினதும் கழட்டற நம்ம சாமர்த்தியம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். போலீஸ்காரரு நம்ம முதுகைப் பாக்கற சிநேகிதன் இல்லைங்க. அந்த வேலையை வீட்டு ஆளும் கூட்டாளியும்தான் பண்ணணும்.

அதனால என் கிளாஸ்மேட்ஸ் எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள். வானத்துல இருந்து குதிங்கன்னு சொல்லல. காலேஜ் விட்டு பார்க்கிங்ல இருந்து கிளம்பும்போது பக்கத்து வண்டிக்காரன் தாடைக்குக் கீழ இருக்கற வாரை ஒருக்கா இழுத்துப் பாருங்க. "என்னடா சீன் போடற?"ன்னு கேப்பான். கேக்கட்டும். மூணு பேர் ஒரே வண்டியில ஏறினா ஒருத்தனை இறக்கி விடுங்க. நட்புக்காக உயிரைக் கொடுப்பேன்னு ஸ்டேட்டஸ் போடறவங்க, வாரை இழுத்துப் பாக்கற அஞ்சு விநாடியைக் கொடுங்க, போதும்.

நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பெரியம்மா வீட்டுக்குப் போறேன். பரண்ல இருக்கற ஹெல்மெட்டை இறக்கி, கவரைப் பிரிச்சு, எக்ஸெல்ல ஏறும்போது அவங்க தலையில மாட்டி விடப் போறேன். அழுவாங்க. திட்டுவாங்க. பரவாயில்லை.

பி.கு: டேண்டம் குதிப்புக்கு அம்மா இன்னும் சம்மதிக்கல. காசும் சேரல. ரெண்டும் ஆகறப்ப சொல்றேன். அன்னிக்கு என் முதுகுல ஊசி சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு அம்மாவையே கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன் :)